பெரிய செயின்ரிங்: தேர்வும் பொருத்தமும் (போடிமெட்டு மலைப்பாதையை முன்வைத்து)

செயின்ரிங் என்பது சைக்கிளின் கிராங்க்கோடு பூட்டப்பட்ட முன்பக்கப் பற்சக்கரம். பெடலை மிதிக்கும் விசையைச் செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது இதுவே. சாதாரண சைக்கிளில் கிராங்க்கோடு ஒட்டியே வரும் இதைக் கடைகளில் செயின் வீல் என்பார்கள். பந்தய சைக்கிள்களிலும் டிரையத்லான் சைக்கிள்களிலும் இது தனியே கழற்றி மாற்றக்கூடிய வளையம். பெரும்பாலும் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு வளையங்கள் இருக்கும். சிலவற்றில் ஒற்றை வளையம் மட்டும். பெரிய வளையத்தின் அளவு பொதுவாக 50 முதல் 56 பல் வரை. தனிநேரப் போட்டிக்கான சைக்கிள்களில் 58, 60 பல் வளையங்களும் பூட்டப்படுகின்றன.

பெரிய வளையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அது ஓட்டுபவரின் வலுவுக்கும் அவர் ஓட்டும் சாலைக்கும் ஏற்றதா என்பது முதல் கேள்வி. சைக்கிளின் மற்ற பாகங்களோடு அது ஒத்துப்போகுமா என்பது இரண்டாவது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் இவ்விரண்டையும் ஒருசேரச் சோதிக்கும் ஊர். ஊருக்கு மேற்கே ஏலக்காய் மலைச் சரிவு எழுகிறது; கிழக்கிலும் தெற்கிலும் சமவெளிச் சாலைகள் நீள்கின்றன. காலையில் மலையேறி, இறங்கிவந்து தேனிச் சாலையில் விரையும் ஒருவருக்கு ஒரே சைக்கிள் இரண்டு வேலைக்கும் உதவ வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பெரிய வளையத்தைத் தீர்மானிப்பது சிறிய வளையமே. ஏற்றத்துக்கான கடைசிப் பல்லை முதலில் உறுதிசெய்துவிட்டு, மிஞ்சும் இடத்தில்தான் பெரிய வளையத்தைத் தேட வேண்டும்.

அமைப்பும் அளவுகளும்

செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் இடையிலான தொலைவு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எல்லாத் தயாரிப்பாளர்களின் ரோட் சைக்கிள்களிலும் இந்த அளவு ஒன்றுதான். ஆகவே பல் எண்ணிக்கை தெரிந்தால் வளையத்தின் விட்டமும் தெரிந்துவிடும். 34 பல் வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 138 மி.மீ.; 50 பல்லுக்கு 202 மி.மீ.; 60 பல்லுக்கு 243 மி.மீ. ஒரு பல் கூடும்போது விட்டம் 4 மி.மீ., ஆரம் 2 மி.மீ. கூடுகிறது. பெரிய வளையம் ஃபிரேமில் இடிக்குமா, செயினை வளையத்துக்கு வளையம் மாற்றும் முன் டெரெய்லரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் இந்த 2 மி.மீ. கணக்கே அடிப்படை.

வளையத்தைக் கிராங்க்கோடு பிணைக்கும் போல்ட்கள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் பிசிடி எனப்படுகிறது. பழைய ரோட் கிராங்க்குகளில் ஐந்து போல்ட், 130 மி.மீ. பிசிடி வழக்கம். அதில் பூட்டக்கூடிய மிகச் சிறிய வளையம் 38 பல். ஏற்றத்துக்காக வந்த காம்பாக்ட் கிராங்க்கில் பிசிடி 110 மி.மீ.; அதில் 34 பல் வரை இறங்க முடியும்.

அளவுகள் மாறிய வரலாறு

20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பந்தய சைக்கிள் என்றாலே முன்பக்கம் 53-39 அல்லது 52-42 தான். 2000க்குப் பிறகு 50-34 காம்பாக்ட் பரவியது. மலைப்பாதையில் சாதாரண ஓட்டுநர்களும் உட்கார்ந்தபடியே ஏற முடிந்தது அதனால்தான். அடுத்து இரண்டுக்கும் நடுவில் 52-36 வந்தது.

ஷிமானோ நிறுவனம் 2012இல் வெளியிட்ட டூரா-ஏஸ் 9000 வரிசையில் நான்கு கைகள் கொண்ட 110 மி.மீ. கிராங்க்கைக் கொண்டுவந்தது. அதன்பின் 50-34 ஆனாலும் 53-39 ஆனாலும் கிராங்க் ஒன்றே. வளையங்களை மட்டும் மாற்றினால் போதும். 2021இல் 12 வேக (பின்பக்கம் 12 பற்சக்கரங்கள் கொண்ட) டூரா-ஏஸ் ஆர்9200 வந்தபோது 53-39 கைவிடப்பட்டு, 50-34, 52-36, 54-40 என்ற மூன்று இணைகள் நிலைத்தன.

ஸ்ராம் நிறுவனம் 2019இல் ஏஎக்ஸ்எஸ் வரிசையில் வேறு வழியில் சென்றது. பின்பக்கப் பற்சக்கரத் தொகுதியான கேசட்டின் மிகச் சிறிய பற்சக்கரத்தை 11இலிருந்து 10 பல்லாகக் குறைத்து, முன்வளையங்களையும் 46-33, 48-35, 50-37 எனச் சிறிதாக்கியது. கம்பன்யோலோவும் 2023இல் வெளியிட்ட வயர்லெஸ் சூப்பர் ரெக்கார்டில் 10 பல் கேசட்டுக்கு மாறி, 45-29, 48-32, 50-34 என்ற இணைகளைத் தந்தது. எனவே முன்வளையத்தின் பல்லை மட்டும் பார்த்து ஒரு சைக்கிளின் வேகத்தை மதிப்பிட முடியாது. 10 பல்லோடு ஓடும் 50, 11 பல்லோடு ஓடும் 54ஐவிட நீளமான கியர்.

பல் கணக்கு

முன்வளையத்தின் பல் எண்ணிக்கையைப் பின்பல்லால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் பெடல் ஒருமுறை சுற்றும்போது சைக்கிள் நகரும் தூரம் கிடைக்கும். 25 மி.மீ. அகல டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். பெடல் நிமிடத்துக்கு 90 சுற்று சுழலும்போது மிக உயர்ந்த கியரில் கிடைக்கும் வேகங்கள் இவை:

| கியர் | விகிதம் | ஒரு சுற்றில் தூரம் (மீ.) | வேகம் (கி.மீ./மணி) |
|---|---|---|---|
| 46×10 | 4.60 | 9.66 | 52.2 |
| 50×11 | 4.55 | 9.55 | 51.5 |
| 52×11 | 4.73 | 9.93 | 53.6 |
| 54×11 | 4.91 | 10.31 | 55.7 |
| 50×10 | 5.00 | 10.50 | 56.7 |
| 56×11 | 5.09 | 10.69 | 57.7 |
| 58×11 | 5.27 | 11.07 | 59.8 |

50×11 கியரிலேயே மணிக்கு 51 கி.மீ. தாண்டிவிடுகிறது. சமவெளியில் தனியாக அந்த வேகத்தை நெடுநேரம் தாங்குபவர்கள் உலகத்தரப் பந்தய வீரர்கள் மட்டுமே. உச்ச வேகம் போதவில்லை என்ற காரணத்துக்காகப் பெரிய வளையம் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை என்பதை இந்தப் பட்டியலே காட்டிவிடும்.

பெரிய வளையத்தின் உண்மையான பயன்

அப்படியானால் தனிநேரப் போட்டியாளர்களும் டிரையத்லான் வீரர்களும் 56, 58 என்று ஏன் தேடுகிறார்கள்? விடை உச்ச கியரில் இல்லை. அவர்கள் நெடுநேரம் ஓட்டும் வேகத்தில் செயின் கேசட்டின் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது.

மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் 90 சுற்றோடு செல்பவருக்கு வேண்டிய விகிதம் ஏறத்தாழ 3.25. முன்பக்கம் 46 பல் என்றால் பின்பக்கம் 14 பல் சக்கரத்தில் ஓட வேண்டும்; 56 என்றால் 17 பல் சக்கரத்தில். 17 கேசட்டின் நடுப்பகுதியில் இருப்பதால் செயின் ஏறத்தாழ நேர்கோட்டில் ஓடும். பக்கவாட்டு வளைவு குறைவதால் உராய்வும் குறையும்.

செயின் பற்சக்கரத்தில் நுழையும்போதும் விலகும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்கி விரிகிறது. 13 பல்லில் ஒரு கண்ணி மடங்கும் கோணம் ஏறத்தாழ 28 பாகை. 17 பல்லில் 21 பாகை. மடக்கம் குறைந்தால் இழப்பும் குறையும். ஒரே விகிதத்தைத் தரும் 52×13, 56×14 இரண்டையும் ஒப்பிட்டால், பின்னதில் செயினின் இழுவிசை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. தேய்மானமும் அதிகப் பற்களில் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்கென் ஓடுகளத்தில் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது பூட்டியிருந்தது 65×14. அதன் விகிதம் 4.64 தான், 51×11 தரும் விகிதமும் அதுவே. பெரியதோடு பெரியதைச் சேர்த்து இழப்பைக் குறைக்கும் உத்தி அது.

ஆனால் இந்த லாபம் சிறியது. சுத்தமான, எண்ணெயிட்ட செயின் எந்த வளையத்திலும் மிதிக்கும் ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கு மேல் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும். வளையத்தைப் பெரிதாக்கிக் கிடைப்பது சில வாட் மட்டுமே. சமதளத்தில் மணிக்கணக்கில் ஓடும் போட்டியில் அந்தச் சில வாட்டுக்கு மதிப்பு உண்டு. ஏற்றத்தில் சரியான கியர் இல்லாமல் தவிப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பொருத்தச் சோதனைகள்

பெரிய வளையம் ஒன்றை வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சரிபார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் வளையம் பயன்படாது.

கிராங்க்கின் போல்ட் அமைப்பு: பிசிடி 110 என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற நேரும். ஐந்து கை 110 வேறு. ஷிமானோவின் நான்கு கை 110 வேறு. ஷிமானோவில் நான்கு கைகளுக்கு இடையிலான கோணங்கள் சமமாக இருக்காது. கம்பன்யோலோவுக்குத் தனி அமைப்பு உண்டு. ஸ்ராம் கிராங்க்குகளில் எட்டுத் திருகு கொண்ட நேரடிப் பூட்டும், 107 மி.மீ. பிசிடியும் இருக்கின்றன. 2019இன் ஸ்ராம் ரெட் ஏஎக்ஸ்எஸ் பவர் மீட்டர் மாதிரியில் மீட்டரும் இரு வளையங்களும் ஒரே பாகம். பல் அளவை மாற்ற வேண்டுமானால் முழுவதையும் மாற்ற வேண்டும்.

செயின் வகை: 11 வேகச் செயினைவிட 12 வேகச் செயின் ஒல்லியானது. ஸ்ராமின் 12 வேக ரோட் செயினில் உருளைகளும் பெரியவை. அதற்கென்று செதுக்கிய பற்கள் இல்லாத வளையத்தில் அது சரியாக உட்காராது. வளையத்தின் விவரத்தில் எந்தச் செயினுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதை நம்ப வேண்டும். கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இணைப் பொருத்தம்: பெரிய வளையத்தின் உட்புறத்தில் செயினைத் தூக்கி ஏற்றும் சரிவுகளும் முளைகளும் உண்டு. அவை குறிப்பிட்ட சிறு வளையத்தோடு சேர்ந்து இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 50-34 இணையிலிருந்து 34ஐ வைத்துக்கொண்டு 50க்குப் பதில் 54ஐப் பூட்டினால் வித்தியாசம் 20 பல். ஷிமானோ ரோட் கிராங்க்குகளில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 16. ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் இணைகளில் 13. வித்தியாசம் மீறினால் செயின் ஏறத் தயங்கும். கீழே இறங்கும்போது உட்புறம் விழும்.

ஃபிரேமின் இடைவெளி: பெரிய வளையம் வலப்பக்கச் செயின்ஸ்டே குழாயை ஒட்டிச் சுழலும். 50இலிருந்து 56க்குப் போனால் ஆரம் 12 மி.மீ. கூடும். அகல டயருக்காகச் செயின்ஸ்டே வெளிப்புறம் வளைந்த ஃபிரேம்களில் இந்த இடம் மிகக் குறைவு. வலுவாக மிதிக்கும்போது கிராங்க்கும் ஃபிரேமும் சற்று நெளியும். நிற்கும்போது ஒரு மயிரிழை இடைவெளி இருப்பது போதாது. பூட்டக்கூடிய மிகப் பெரிய வளையத்தை ஃபிரேம் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். கார்பன் ஃபிரேமில் அந்த வரம்பை மீறுவது ஃபிரேமையே இழக்கும் அபாயம்.

முன் டெரெய்லரின் உயரம்: டெரெய்லர் கூண்டின் வெளித்தகட்டுக்கும் பெரிய வளையத்தின் பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். நான்கு பல் கூடினால் டெரெய்லரை 8 மி.மீ. உயர்த்த வேண்டும். ஃபிரேமோடு ஒட்டிய தாங்கியில் அந்த அளவுக்குக் குழிநீளம் இல்லாமல் போகலாம். கூண்டின் வளைவும் குறிப்பிட்ட பல் வரம்புக்கே ஏற்றது.

செயின் கோடு: ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன்வளையங்களின் நடுவரையிலான தொலைவு ரோட் சைக்கிள்களில் 43.5 முதல் 45 மி.மீ. வரை அமைகிறது. ரிம் பிரேக் காலத்துக் கிராங்க்கை டிஸ்க் பிரேக் ஃபிரேமில் பூட்டினால் இக்கோடு பிசகி, சில கியர்களில் செயின் உரசலாம்.

பின் டெரெய்லரின் கொள்ளளவு: முன்வளையங்களின் வித்தியாசத்தையும் கேசட்டின் வித்தியாசத்தையும் கூட்டினால் வருவது பின் டெரெய்லர் சுருட்டிக்கொள்ள வேண்டிய செயின் அளவு. 50-34 முன்னும் 11-34 பின்னும் என்றால் 16 + 23 = 39. ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000இன் நீளக் கூண்டு மாதிரியின் எல்லை சரியாக அதுவே. குட்டைக் கூண்டில் 35 தான். 54-40 இணைக்கு மாறினால் 14 + 23 = 37. பெரிய இணை டெரெய்லருக்குச் சுமையைக் கூட்டாமல் குறைக்கவும் செய்யும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

செயின் நீளம்: பெரிய வளையத்தில் நான்கு பல் கூடினால் செயினில் ஓர் அங்குலம், அதாவது ஒரு ஜோடிக் கண்ணி, கூட வேண்டும். பழைய செயினையே விட்டுவைத்தால் பெரிய வளையமும் பின்பக்கப் பெரிய பல்லும் சேரும்போது செயின் இறுகிப் பின் டெரெய்லரை முறித்துவிடும். பெரிய வளையம் மாற்றும்போது நேரும் சேதங்களில் மிக மோசமானது இது. புதுச் செயினை அளந்து வெட்டுவதே பாதுகாப்பு.

ஃபிரீஹப் (பின்சக்கரத்தில் கேசட் ஏறும் பகுதி): 10 பல்லில் தொடங்கும் ஸ்ராம் கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் வகை ஃபிரீஹப் வேண்டும், 11 பல் ஷிமானோ கேசட் ஏறும் ஹப்பில் அது ஏறாது. முன்வளையத்தைப் பெரிதாக்குவதா, பின்பல்லைச் சிறிதாக்குவதா என்று யோசிப்பவர் சக்கரத்தின் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

போடியின் நிலமும் சாலைகளும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே உள்ள ஏலக்காய் மலைகளின் விளைச்சலுக்கு இது முக்கியச் சந்தை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் கேரளத்தின் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது.

கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இவ்வூர் வழியே செல்கிறது. ஊரிலிருந்து மேற்கே முந்தல் வரை சாலை மெல்ல உயர்கிறது. முந்தலில் பாதை பிரிகிறது; ஒன்று குரங்கணிக்கும் மற்றொன்று போடிமெட்டுக்கும் போகிறது. போடிமெட்டுக்கான மலைப்பாதை ஏறத்தாழ 20 கி.மீ. நீளத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு, கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஏறிக் கேரள எல்லையைத் தொடுகிறது. சராசரிச் சாய்வு ஏறத்தாழ 5 விழுக்காடு. எல்லைக்கு அப்பால் பூப்பாறைக்கு இறக்கமும், பிறகு தேவிகுளம், மூணாறு நோக்கி மீண்டும் ஏற்றமுமாகச் சாலை தொடர்கிறது. மூணாறு வரை சென்று திரும்ப நினைப்பவர் ஏற்றம் போடிமெட்டோடு முடிந்துவிடுவதாகக் கருதக் கூடாது.

5 விழுக்காடு சராசரி கொடுமையானதல்ல. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் 36 வளைவுக் கல்லட்டிப் பாதை இதைவிடக் குட்டை, இதைவிடச் செங்குத்து. நீலகிரிச் சைக்கிள் பயணமான டூர் ஆஃப் நீல்கிரிஸில் பலர் திணறும் இடம் அது. போடிமெட்டின் கடினம் நீளத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி மிதிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உட்பக்கத்தில் சாய்வு சராசரியைவிடக் கூடும். அதிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் இப்பாதையில் வரிசையாக ஏறும்; அவற்றுக்கு வழிவிட்டு வளைவின் உட்பக்கம் ஒதுங்கும்போது அந்தச் செங்குத்தில்தான் மிதிக்க நேரும். சராசரிக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கியர் வாங்கியவர் அங்கே காலூன்றிவிடுவார்.

ஏற்றத்தின் கணக்கு

ஓட்டுபவரும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்றும், அவர் 150 வாட் ஆற்றலோடு நெடுநேரம் மிதிக்கக்கூடியவர் என்றும் கொள்வோம். முறையாகப் பயிலும் சாதாரண ஓட்டுநரின் நிலை இது. 5 விழுக்காடு சாய்வில் அவர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 11.5 கி.மீ.; 8 விழுக்காடு சாய்வில் 7.7 கி.மீ. அந்த வேகங்களில் ஒவ்வொரு கியரிலும் பெடல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும் என்பது கீழே:

| மிகச் சிறிய கியர் | 5% சாய்வில் சுற்று | 8% சாய்வில் சுற்று |
|---|---|---|
| 33×36 | 100 | 67 |
| 34×34 | 91 | 61 |
| 36×34 | 86 | 58 |
| 46×44 (ஒற்றை வளையம்) | 87 | 58 |
| 40×34 | 78 | 52 |
| 36×30 | 76 | 51 |
| 39×28 | 66 | 44 |
| 54×36 (ஒற்றை வளையம்) | 61 | 41 |

நீண்ட ஏற்றத்தில் முழங்காலுக்கு இதமான சுழற்சி 70 முதல் 90 வரை. சிறிது தூரத்துக்கு 55 வரை தாங்கலாம். 45க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியும் எழுந்து நின்று அழுத்துவதாகிவிடும்; முழங்கால் வலியும் இடுப்பு வலியும் தொடரும். பழைய 39×28 போடிமெட்டின் சராசரிக்குச் சமாளிக்கும்; வளைவுகளில் கைவிட்டுவிடும். 54-40 இணையை 11-34 கேசட்டோடு சேர்த்தால் 36×30க்கு ஈடான ஏற்ற கியர் கிடைக்கிறது. பெரிய வளையம் வேண்டும் என்பவர் பின்பக்கக் கேசட்டையும் கூடவே பெரிதாக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

200 வாட் மிதிக்கக்கூடியவர் இதே பாதையில் 15 கி.மீ. வேகத்தில் ஏறுவார், 8 விழுக்காட்டில் 10 கி.மீ. அவருக்கு 40×34 கியரில் முறையே 101, 67 சுற்று வரும். 54-40 இணை அவருக்குத் தாராளமாகப் பொருந்தும். ஆகவே ஒருவருக்கு ஏற்ற வளையத்தை இன்னொருவரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தன் எடையும், தான் ஒரு மணி நேரம் தாங்கும் வாட் அளவும் தெரிந்தவர் இக்கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

இறக்கத்தில் பெரிய வளையத்துக்கு வேலை குறைவு. 17 வளைவுகளும் எதிரே வரும் லாரிகளும் பேருந்துகளும் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மழைக்காலத்தில் பாறைச்சரிவும் மேலே மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அங்கே வேண்டியது நல்ல பிரேக்கும் பொறுமையும். ஆனாலும் இறங்கும்போது செயினைப் பெரிய வளையத்தில் வைத்திருப்பது நல்லது. செயின் இறுக்கமாக நின்று குலுக்கலில் கழன்றுவிடாமல் காக்கும்.

சமவெளியும் காற்றும்

போடியிலிருந்து தேனி ஏறத்தாழ 15 கி.மீ. தேனியிலிருந்து தென்மேற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை நீளும் நெடுஞ்சாலை கம்பம் பள்ளத்தாக்கின் வழியே மெல்ல உயர்ந்தபடி போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக ஆடியில், இப்பகுதியில் காற்று பலமாக வீசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பது அதனால்தான்.

பெரிய வளையம் தன் மதிப்பைக் காட்டுவது பின்காற்றில். 200 வாட்டில், உடலைத் தாழ்த்திய ஏரோ நிலையில் காற்றின்றி 37 கி.மீ. வேகத்தில் செல்பவர், மணிக்கு 18 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 48 கி.மீ. தாண்டுவார். 90 சுற்றில் அதற்கு வேண்டிய விகிதம் 4.3. 50 வளையத்தில் 11க்கும் 12க்கும் நடுவில் ஓடும். 54இல் 12, 13இல் ஓடும். 50 போதும், 54 இருந்தால் செயின் கேசட்டின் ஓரத்தில் நசுங்காமல் ஓடும். திரும்பும் வழியில் எதிர்காற்றில் அதே ஆள் ஏறத்தாழ 26 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுவார், அப்போது 54 பல் வளையத்தில் 24 பல் சக்கரம் வரை போக நேரும். ஒரே நாளில் இரண்டையும் சந்திக்கும் ஓட்டுநருக்கு இடைவெளி நெருக்கமான கேசட் பெரிய வளையத்தைவிட முக்கியம். ஷிமானோவின் 12 வேக 11-30 கேசட்டில் 11 முதல் 17 வரை ஒவ்வொரு பல்லும் உண்டு. 11-34இல் 16 இல்லை. அந்த 16 இல்லாத குறை சமவெளியில் தெரியும். அந்த 34 இல்லாத குறை போடிமெட்டில் தெரியும்.

டிரையத்லான் சைக்கிளில்

டிரையத்லானில் சைக்கிளுக்குப் பிறகு ஓட்டம் காத்திருக்கிறது. அரைத்தூரப் போட்டியில் 1.9 கி.மீ. நீச்சலும் 90 கி.மீ. சைக்கிளும் முடித்து 21.1 கி.மீ. ஓட வேண்டும். 2019 முதல் கோவாவில் நடக்கும் ஐயன்மேன் 70.3 இந்த அளவிலானது. சைக்கிளில் கனமான கியரை அழுத்தியே வந்தவரின் தொடைத்தசை ஓட்டத்தில் ஒத்துழைக்காது. எனவே இங்கும் பெரிய வளையத்தின் பொருள் பெரிய கியர் அல்ல; தன் வழக்கமான வேகத்தில் செயினை நடுவில் நிறுத்துவதுதான்.

பலர் டிரையத்லான் சைக்கிளில் முன் டெரெய்லரை நீக்கி ஒற்றை வளையம் பூட்டுகிறார்கள். எடை சற்றுக் குறையும். காற்றுத் தடையும் குறையும். செயின் கழல வாய்ப்பும் குறைவு. ஒற்றை வளையத்தில் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும். செயினை அவை பிடித்துக்கொள்கின்றன. சமதளப் போட்டிக்கு 54×36 போதும். ஆனால் மேலுள்ள பட்டியலின்படி அதே அமைப்போடு போடிமெட்டு ஏறினால் வளைவுகளில் 41 சுற்றுதான் மிஞ்சும். போடியில் பயின்று கடற்கரையில் போட்டியிடும் ஒருவருக்கு நேர்மையான வழி இரண்டு: இரட்டை வளையத்தை வைத்துக்கொள்வது, அல்லது பயிற்சிக்கும் போட்டிக்கும் வளையத்தை மாற்றிப் பூட்டுவது. இரண்டாவதைத் தேர்ந்தால் இரண்டு வளையங்களுக்கும் தனித்தனி நீளத்தில் செயின் வைத்திருக்க வேண்டும்.

நீள்வட்ட வளையங்களும் உண்டு. 2012இல் டூர் டி பிரான்ஸை வென்ற பிராட்லி விக்கின்ஸ் அத்தகைய வளையத்தைப் பயன்படுத்தினார். இவற்றைப் பூட்டும்போது பல் எண்ணிக்கையை நம்பாமல், வளையத்தின் மிக நீண்ட ஆரத்தைக் கொண்டே ஃபிரேம் இடைவெளியையும் டெரெய்லர் உயரத்தையும் அளக்க வேண்டும்.

விதிமுறைகள்

இளையோர் பந்தயங்களில் ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டர் என்ற கியர் வரம்பை உலக சைக்கிள் சங்கம் 2023 தொடக்கத்தில் நீக்கியது. மறுபுறம், 2025இல் தொழில்முறைப் பந்தயங்களில் 54×11, அதாவது ஒரு சுற்றுக்கு 10.46 மீட்டர், என்ற உச்ச வரம்பைப் பாதுகாப்புக் காரணத்துக்காகச் சோதிக்கத் திட்டமிட்டது. 10 பல் கேசட் தயாரிக்கும் ஸ்ராம் இதை எதிர்த்தது. பெல்ஜியத்தின் வணிகப் போட்டி ஆணையம் 2025 அக்டோபரில் அத்திட்டத்தை இடைநிறுத்தியது. இங்கே 54×11க்கு 10.46 என்றும் மேலே 10.31 என்றும் வருவது டயர் சுற்றளவின் வேறுபாட்டால்.

பூட்டுதலும் பராமரிப்பும்

வளையத்தைப் பூட்டும்போது அதன் உட்புறத்தில் உள்ள குறியும், செயின் விழுந்து சிக்காமல் தடுக்கும் சிறு முளையும் கிராங்க் கைக்கு நேராக நிற்க வேண்டும். குறி தவறினால் சரிவுகளும் முளைகளும் இடம் மாறி, கியர் மாற்றம் கெடும். போல்ட்களைக் குறுக்கு வரிசையில், தயாரிப்பாளர் குறித்த முறுக்களவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகு டெரெய்லரின் உயரம், கோணம், எல்லைத் திருகுகள், செயின் நீளம் என்ற வரிசையில் சரிசெய்ய வேண்டும். கடைசியாகப் பெரிய வளையத்தையும் பின்பக்கப் பெரிய பல்லையும் சேர்த்து, சைக்கிளைத் தாங்கியில் நிறுத்திக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

மழைக்கால மலைச்சாலையின் சேறும் மணலும் செயினில் ஒட்டி அலுமினிய வளையத்தை அரம்போல் தேய்க்கும். பயணம் முடிந்ததும் துடைத்து எண்ணெயிட வேண்டும். செயின் தேய்வை அளவியால் பார்த்து, 0.5 விழுக்காடு நீண்டதும் மாற்றிவிட்டால் விலையுயர்ந்த வளையம் பல செயின்களுக்குத் தாங்கும்.

தேர்வு வரிசை

போடியில் வாழ்ந்து மலைக்கும் சமவெளிக்கும் ஒரே சைக்கிளை ஓட்டுபவர் முதலில் தன் எடையையும் ஆற்றலையும் கொண்டு 8 விழுக்காடு சாய்வில் குறைந்தது 55 சுற்று தரும் கியரைக் கண்டறிய வேண்டும். அடுத்து அந்தக் கியரைத் தரும் கேசட்டையும் சிறு வளையத்தையும் முடிவுசெய்ய வேண்டும். அச்சிறு வளையத்துக்கு இணையாகத் தயாரிப்பாளர் தரும் பெரிய வளையமே அவருக்கு உரியது. 150 வாட் ஓட்டுநருக்கு அது 50-34 அல்லது 52-36, 11-34 கேசட்டோடு. 10 பல் ஹப் உள்ளவருக்கு 46-33 அல்லது 48-35. 200 வாட்டுக்கு மேல் தாங்குபவர் 54-40க்குப் போகலாம். 56க்கு மேல் தேடுவது சமதளப் போட்டிக்கென்று தனி சைக்கிள் வைத்திருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் ஃபிரேம் தயாரிப்பாளரின் வரம்பைப் பார்த்த பிறகே.